கூடத்தில் ஒரு தேள்

அத்தியாயம் 14

பாகூர் கடைத்தெருவில் பைப்பும் மோட்டாரும் விற்கும் கமருதீன், அந்த ஞாயிற்றுக்கிழமை மதியமே கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மூத்த மகள் ஆசிபாவைப் பெண் பார்க்க கிருமாம்பாக்கத்திலிருந்து வருகிறார்கள்.

இதற்கு முன் இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். பிரியாணி சாப்பிட்டார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை. இந்த இடம் அப்படிக் கைநழுவாது என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. காரணம் மாப்பிள்ளை இர்பான். பெரியவர்கள் அனுமதியோடு ஆசிபாவிடம் மூன்று தடவை போனில் பேசியிருந்தான். மூன்றாவது தடவை, “எனக்கு உங்கள விட்டா வேற யாரும் வேணாங்க” என்று சொல்லிவிட்டு, அவனே வெட்கப்பட்டு போனை வைத்துவிட்டான். அன்றிலிருந்து ஆசிபா வெங்காயம் நறுக்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இருந்த ஒரே கவலை சின்னவள் ஷிபானா. பன்னிரண்டு வயது. போன மாதம் பள்ளிக்கூட மாடிப்படியில் அவள் ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டதில் அந்தப் பெண்ணின் முன்பல் உடைந்தது. “போன்ல சுடுற கேம் விளையாடுற பிள்ளைங்க இப்படித்தான் சார் ஆயிடறாங்க” என்று தலைமையாசிரியை சொல்ல, கமருதீன் அன்றைக்கே போனைப் பிடுங்கிக் கடை மேசையில் போட்டுப் பூட்டிவிட்டார். பிரச்சினை தீர்ந்தது என்று நம்பினார்.

தீரவில்லை என்பது ஆசிபாவுக்கு மட்டும் தெரியும். அவளுடைய போனில்தான் ஷிபானா இன்னமும் விளையாடிக்கொண்டிருந்தாள். கொடுத்தது ஆசிபாவேதான். விளையாடும் நேரத்தில் மட்டும் சின்னவள் அம்மாவோடு மல்லுக்கு நிற்பதில்லை. வீடு அமைதியாக இருந்தது. கதவை மூடிக்கொண்டு காதில் வயரை மாட்டித் தங்கை யாரிடம் என்ன பேசுகிறாள் என்று ஆசிபா கேட்டதில்லை.

“நீ கூடத்துப் பக்கமே வரக் கூடாது” என்றாள் அம்மா சபுரா, சமோசாவைத் தட்டில் அடுக்கிக்கொண்டே.

“வந்தா இன்னா?” என்றாள் ஷிபானா.

“வந்தா உன் மூஞ்சியப் பாப்பாங்க. இவ அக்காதான அவ, அவளும் இப்டித்தான் இருப்பாளோன்னு எழுந்து போயிடுவாங்க.”

இதைச் சபுரா கோபமாகச் சொல்லவில்லை. உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். ஷிபானா ஒரு சமோசாவை எடுத்துக் கடித்தாள். ஆசிபா கண்ணாடியில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளும் அதைக் கேட்டாள். இந்த வீட்டில் அது காதில் தங்குகிற பேச்சில்லை.

மாலை அசர் தொழுகை முடிந்து கமருதீன் திரும்பிய கையோடு கார் வந்து நின்றது.

மூன்று பேர் இறங்கினார்கள். இர்பான், அவன் அம்மா ஜெய்த்தூன்பீ, அவர்களுக்குப் பின்னால், காரின் கதவைப் பிடித்தபடி இறங்கத் தயங்கிய ஒரு பையன். இர்பானின் தம்பி முகமது ஆசிக். பதினோரு வயதிருக்கும். முழுக்கைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை.

“வாங்க, வாங்க. வா தம்பி. எந்தக் கிளாஸ் படிக்கிற?” என்றார் கமருதீன்.

பையன் அவருடைய செருப்பைப் பார்த்தான்.

“ஆறாவதுண்ணே” என்றாள் ஜெய்த்தூன்பீ. “இப்ப ஸ்கூலுக்குப் போறதில்ல. மூணு மாசமா பேச்சு கொறஞ்சு பூட்டுது. தண்ணி, சோறு, அவ்ளோதான். பாண்டில டாக்டர்ட்ட காட்டிகினு இருக்கோம். தப்பா எடுத்துக்காதீங்க. அவங்கத்தா மௌத்தானதுலேர்ந்து, தகப்பனில்லாத புள்ளய வூட்ல தனியா வுட்டுட்டு வர முடியல.”

“கண்ணு பட்டிருக்கும்க்கா” என்றாள் சபுரா. “ஓதி ஊதுனா சரியாப் பூடும்.”

ஆசிபா வந்து உட்கார்ந்தாள். ஜெய்த்தூன்பீ அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“கை ஏம்மா இவ்ளோ ஜில்லுனு இருக்கு? நான் கடிக்க மாட்டேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். இர்பான் தரையைப் பார்த்துச் சிரித்தான். ஆசிபாவுக்கு மூச்சு சீரானது. ஜெய்த்தூன்பீ கைப்பையைத் திறந்து ஒரு சிறிய நகைப்பெட்டியை வெளியே எடுத்து மடியில் வைத்தாள். சபுரா அதைப் பார்த்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். பேசி முடித்துவிடும் எண்ணத்தோடுதான் வந்திருக்கிறார்கள்.

சமையலறையில் ஷிபானா தனியாக இருந்தாள். கொல்லைப்பக்கக் கதவு வழியாக ஒரு பூனை நுழைந்து, அடுப்பு மேடைக்குத் தாவி, சமோசாத் தட்டை நோக்கி நடந்தது. அவள் அதை விரட்டவில்லை. தலையைச் சாய்த்து, மெல்ல, தேன் தடவிய குரலில் சொன்னாள்:

“வாடா செல்லம். உன்னத்தான் தேடிகினு இருந்தேன்.”

கூடத்துக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது ஒரு திரைச்சீலைதான்.

கூடத்தில் ஆசிக்கின் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. அவன் சோபாவின் மேல் ஏறி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டினான்.

“தேளு” என்றான். “அம்மா, தேளு.”

“தேளா!” ஜெய்த்தூன்பீ காலைத் தூக்கிக்கொண்டாள். ஆசிபா சேலையை உதறியபடி எழுந்தாள். “பக்கத்துல வூடு கட்றாங்க, செங்கல்லு அடுக்கி வெச்சிருக்காங்க, அதுலேர்ந்துதான் வந்திருக்கும்” என்றபடி கமருதீன் வாசலுக்கு ஓடிச் செருப்பை எடுத்துவந்தார். இர்பான் சோபாவின் அடியில் போன் வெளிச்சத்தை அடித்தான். சபுரா பாயைச் சுருட்டினாள். “எங்க தம்பி? எங்க பாத்த? கொட்டிடுச்சா?”

 பையன் உட்கார்ந்திருந்த இடத்தில் சோபா நனைந்து, ஈரம் விளிம்பிலிருந்து சொட்டியது.

“ஷிபானா! தொடப்பத்த எடுத்துகினு வா!” என்று கத்தினாள் சபுரா, தானே போட்ட தடையை மறந்து.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஷிபானா துடைப்பத்தோடு வந்தாள். “எங்கம்மா தேளு?”

ஆசிக் விரலை நீட்டினான். செருப்பை ஓங்கியபடி நின்ற கமருதீன் அந்த விரல் காட்டிய திசையில் தரையைத் தேடினார். அங்கே அவருடைய மகளின் பாதங்கள்தான் இருந்தன.

முதலில் புரிந்துகொண்டவன் இர்பான். போன் வெளிச்சத்தை அணைத்துவிட்டு எழுந்தான்.

“நீ கேம் வெளாடுவியாம்மா?”

“ம்.”

“உன் ஐடி பேரு இன்னா?”

ஷிபானா சோபாவில் ஒண்டியிருந்த பையனைப் பார்த்தாள். குரலாக மட்டுமே தெரிந்த ஒருவனுக்கு இப்படி ஒரு முகமா என்று பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்.

“தேள்.”

அதில் ஒரு பெருமை இருந்தது. அதுதான் ஜெய்த்தூன்பீயை எழ வைத்தது.

“இவளா? இந்தப் பொண்ணா?”

“இன்னா தம்பி இது, எனக்கு ஒண்ணும் புரியலியே” என்றார் கமருதீன். செருப்பு இன்னும் அவர் கையில் இருந்தது.

இர்பான் சொன்னான். அவன் சத்தம் போடாதவன். அதனாலேயே ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

“இவன் ஒரு டீம்ல சேந்தான் மாமா. நாலு பேரு ஒண்ணா வெளாடற கேமு. மைக்ல பேசிக்கலாம். தேளுன்னு ஒரு ஐடிதான் அதுக்குத் தலைவன். யாரோ பொடிப்பையன்னு நெனச்சோம். மொதல்ல நல்லாத்தான் பேசிகினு இருந்துச்சு. எங்கத்தா மௌத்தானத இவன் அதுங்கிட்ட சொல்லித்தான் அழுவான். எங்ககிட்ட கூட அழுததில்ல. அப்புறம் ஒரு நாளு இவனால டீம் தோத்துடுச்சு. அதுக்குத் தண்டனையா மைக்ல நாய் மாதிரி கொரைக்கச் சொல்லியிருக்கு.”

“கொரைச்சான்” என்றாள் ஜெய்த்தூன்பீ.

“மத்தவனுங்க சிரிச்சிருக்கானுங்க. டெய்லி கொரைக்க வெச்சிருக்கு. கொரைச்சாத்தான் டீம்ல சேத்துக்குவேன்னு.”

“புறாவச் சொல்லுடா.”

“அம்மா, வேணாம்.”

“நான் சொல்றேன். எம் புள்ள மாடில ரெண்டு புறா வளத்தான். அவங்கத்தா வாங்கிக் குடுத்தது. அதுல ஒண்ண கழுத்தத் திருகு, சத்தம் எங்களுக்குக் கேக்கணும்னு சொல்லியிருக்கா உங்க பொண்ணு. நான் துணி காயப்போட மாடிக்கு ஏறிப் போறேன். காதுல வயரு, கையில புறா. எம் புள்ள என்னப் பாத்துச் சிரிக்கிறான்.”

கமருதீன் உட்கார்ந்துவிட்டார்.

“அதோட வுடல” என்றான் இர்பான். “கடைசியா ஏதோ சொல்லியிருக்கு. அன்னிலேர்ந்து இவன் கண்ணாடியே பாக்கறதில்ல. அம்மாதான் தலை சீவி வுடறாங்க. இன்னா சொன்னிச்சுன்னு நாங்களும் கேட்டுப் பாத்துட்டோம், டாக்டரும் கேட்டுட்டாரு. வாயத் தொறக்கல.”

அப்போதுதான் ஆசிக் வாயைத் திறந்தான். ஷிபானாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவளுடைய குரலின் இழுப்போடு, மனப்பாடப் பாட்டுபோல் ஒப்பித்தான்.

“உங்கத்தா நோயில போவலடா. உன் மூஞ்சியப் பாக்கப் புடிக்காமத்தான் கண்ண மூடிட்டாரு.”



கமருதீன் மெல்லத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். ஆசிபாவும் அம்மாவைத்தான் பார்த்தாள்.

ஷிபானா பிறந்த விடியலில் சபுராவின் அத்தா இறந்துபோனார். பிரசவ வார்டில் கிடந்த சபுராவால் தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை. அந்த ஆற்றாமைக்கு அவள் ஒரு வாக்கியம் கண்டுபிடித்தாள். பால் பொங்கி வழிந்தால், பரீட்சையில் மார்க் குறைந்தால், எதிர்த்துப் பேசினால், அந்த வாக்கியம் வரும். ‘எங்கத்தா நோயில போவலடி. உன் மூஞ்சியப் பாக்கப் புடிக்காமத்தான் கண்ண மூடிட்டாரு.’ எங்கத்தா என்பது உங்கத்தா ஆகியிருந்தது. டி என்பது டா ஆகியிருந்தது. மற்றபடி அதே வாக்கியம், அதே இழுப்பு.

சபுராவுக்கும் தெரிந்துவிட்டது. அவள் முகம் ஒரு கணம் வெளிறியது. அடுத்த கணம் ஷிபானாவின் சடையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தாள். துடைப்பத்தைப் பிடுங்கி அடித்தாள்.

“பாவி! யார் வூட்டுப் புள்ளய இன்னா பேச்சுடி பேசியிருக்க! எல்லாம் அந்தப் போனு! அந்தக் கேமு! சைத்தான் புடிச்ச கேமு! எங்கேர்ந்துடி கத்துக்கின இந்தப் பேச்ச? சொல்லு! எங்கேர்ந்து கத்துக்கின?”

ஷிபானா அழவில்லை. கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஒவ்வொரு அடிக்கும் ஆசிக்கின் கண்கள் இமைத்தன. ஆனால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“போதும், வுடுங்க” என்றாள் ஜெய்த்தூன்பீ. நகைப்பெட்டியைத் திரும்பக் கைப்பையில் போட்டாள். பிறகு ஆசிபாவின் பக்கம் திரும்பினாள். “நீ படிச்ச பொண்ணு. டீச்சர் வேலைக்குப் போவப் போறவ. பொய் சொல்ல மாட்ட. நீ சொல்லும்மா. ஒரு புள்ள வாயிலேர்ந்து இந்த மாதிரி பேச்சு எங்கேர்ந்து வரும்? உங்க வூட்ல யாராவது இப்டிப் பேசுவாங்களா?”

ஆசிபா அம்மாவைப் பார்த்தாள். சபுரா இன்னும் துடைப்பத்தைப் பிடித்திருந்தாள். அத்தாவைப் பார்த்தாள். அவர் தன் கையிலிருந்த செருப்பை இப்போதுதான் கண்டதுபோல் அதைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். இர்பானைப் பார்த்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடு, என்னவாக இருந்தாலும் பரவாயில்லை என்கிற பார்வைதான் அது. அவளால் அதை நம்ப முடியவில்லை.

“இல்ல மாமி” என்றாள். “எங்க வூட்ல யாரும் அப்டிப் பேச மாட்டாங்க. கேம்லதான் கத்துக்கினா.”

ஷிபானா முகத்தை மறைத்திருந்த கையை இறக்கி அக்காவைப் பார்த்தாள்.

“அந்தப் போன நான் புடுங்கி ஒரு மாசம் ஆவுது தம்பி” என்றார் கமருதீன், பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்ததுபோல. “இப்ப அவ தொடறதே இல்ல. சத்தியமா.”

“நேத்துகூட ஆன்லைன்ல இருந்துச்சு” என்றான் ஆசிக்.

ஜெய்த்தூன்பீ திடுக்கிட்டுத் திரும்பினாள். “உனக்கு எப்டிடா தெரியும்? நீதான் கேம வுட்டுட்டியே!”

பையன் மறுபடி வாயை மூடிக்கொண்டான்.

“எந்தப் போன்ல?” என்றார் கமருதீன். “ஷிபானா! எந்தப் போன்லடி வெளாடின?”

ஆசிபாவின் கை இடுப்புக்குப் போனது. அவளுடைய போன் அவள் இடுப்பில், சேலை மடிப்புக்குள் இருந்தது. இப்போது சின்னவள் வாயைத் திறந்தால் போதும். கொடுத்தது அக்காதான் என்று ஒரே வரி.

“உங்க மேசைலேர்ந்து எடுத்துப்பேன்” என்றாள் ஷிபானா. “நீங்க தொழப் போவும்போது. சாவி எங்க வெப்பீங்கன்னு தெரியும்.”

கமருதீன் இதுவரை தன் பிள்ளைகளை அடித்ததில்லை. அன்றைக்கு அடித்தார். செருப்பாலேயே அடித்தார்.

கார் கிளம்பிப் போனது. இர்பான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆசிபாவைத் தாண்டும்போது மட்டும் ஒரு விநாடி நின்றான். கேட்க நினைத்ததைக் கேட்காமல் போய்விட்டான்.

சபுரா சோபாவின் உறையைக் கழற்றி வாளியில் ஊறவைத்தாள். கமருதீன் அவள் எதிரில் வந்து நின்றார்.

“உன் வாயி…” என்று ஆரம்பித்தார்.

“என் வாய்க்கு இன்னா?” சபுரா நிமிர்ந்தாள். “சொல்லுங்க. என் வாய்க்கு இன்னா? பன்னெண்டு வருசமா நீங்களும்தான கேட்டுகினு இருந்தீங்க? ஒரு நாளாவது இப்டிப் பேசாதடின்னு சொன்னீங்களா?”

கமருதீன் சட்டைப் பையைத் தடவினார். அதில் தேட ஒன்றுமில்லை.

“வேலூர் பக்கம் ஒரு பொம்பளப் புள்ளைங்க மதரசா இருக்கு” என்றார். “ஹாஸ்டலோட. அடுத்த வாரமே கொண்டுபோய் வுட்டுடறேன்.”

“வுடுங்க. எனக்கும் நிம்மதி” என்றாள் சபுரா, துணியை மிதித்துக்கொண்டே.

கொல்லையில், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஷிபானா உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் செருப்பின் வார்த்தடம் சிவந்திருந்தது. ஆசிபா ஈரத்துணியைக் கொண்டுவந்து அதன்மேல் ஒற்றினாள்.

“எதுக்குடி என்னக் காட்டிக் குடுக்கல?”

“காட்டிக் குடுத்தா உன் கல்யாணம் போயிடும்ல?”

ஆசிபா துணியை இறக்கினாள். “அந்தப் புள்ளயப் போயி ஏண்டி அப்டிப் பண்ணின? புறாவக் கொல்லச் சொன்னியாமே. உனக்கு ஈவிரக்கமே இல்லியா?”

ஷிபானா யோசித்தாள். கேள்வி உண்மையாகவே கடினமானதுதான் என்பதுபோல யோசித்தாள்.

“மொதல்ல சும்மாதான் சொன்னேங்க்கா. அவன் செய்வான்னு நெனக்கல. செஞ்சுட்டான். சொன்னா செய்யறான்னு தெரிஞ்சதும் வேற ஒண்ணு சொல்லத் தோணிச்சு. நம்ம வூட்ல நான் சொல்லி யாரு இன்னா செஞ்சிருக்காங்க?”

“அவங்கத்தாவப் பத்திச் சொன்னியே, அது?”

“அது அம்மா சொல்றதுதான?” அவள் நிஜமான குழப்பத்தோடு அக்காவைப் பார்த்தாள். “எனக்கு டெய்லி சொல்றாங்க. நான் ஸ்கூலுக்குப் போறேன், சோறு துன்றேன், தூங்கறேன். அவன் மட்டும் ஏங்க்கா கண்ணாடி பாக்க மாட்டேங்கறான்?”

ஆசிபா துணியைத் தொட்டியில் நனைத்தாள். பிழிந்தாள். மறுபடி நனைத்தாள். பி.எட். படித்தபோது குழந்தை உளவியலில் அவளுக்குத்தான் வகுப்பில் முதல் மார்க்.

“நீ வூட்ல யாரும் அப்டிப் பேச மாட்டாங்கன்னு சொன்னப்ப எனக்கு ஒரு நிமிசம் சந்தேகமே வந்துடுச்சு” என்றாள் ஷிபானா. “ஒருவேள நாந்தான் கனவு கண்டேனோன்னு.”

உள்ளே கமருதீனின் போன் அடித்தது.

“ஆசிபா!” என்று கூப்பிட்டார். “கிருமாம்பாக்கத்துலேர்ந்து. இங்க வா.”

அவர் போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். சபுரா ஈரக்கையோடு வந்து நின்றாள். ஷிபானா கொல்லைக் கதவருகே நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“அண்ணே, நான் சுத்தி வளைக்காம சொல்லிடறேன்” என்றது ஜெய்த்தூன்பீயின் குரல். “ஆசிபாவ எனக்குப் புடிச்சிருக்கு. இர்பான் அவதான் வேணும்ங்கறான். தங்கச்சி பண்ணதுக்கு அக்காவ ஒதுக்கறது நாயமில்ல. ஆனா ஒண்ணு.”

“சொல்லும்மா.”

“வர்ற வெள்ளிக்கெழம உங்க சின்னவ எங்க வூட்டுக்கு வரணும். எம் புள்ள முன்னால முட்டி போட்டுக் கொரைக்கணும். அவன் போதும்னு சொல்ற வரைக்கும் கொரைக்கணும். அது முடிஞ்ச கையோட நிக்காஹுக்குத் தேதி வெச்சிடலாம்.”

பின்னாலிருந்து இர்பானின் குரல் கேட்டது. “அம்மா, இன்னாம்மா இது? அது சின்னப் புள்ள.”

“நீ சும்மாரு. இவன் சின்னப் புள்ள இல்லியா?”

கமருதீன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “பள்ளிவாசல் ஹஜ்ரத்த வெச்சிக்கினு மன்னிப்புக் கேக்க வெக்கறேம்மா. கால்ல வேணா வுழச் சொல்றேன்.”

“மன்னிப்பு எனக்கு வேணாண்ணே. அத வெச்சி நான் இன்னா பண்றது? எம் புள்ள கொரைச்சான், அவ சிரிச்சா. இப்ப அவ கொரைக்கட்டும், எம் புள்ள சிரிக்கட்டும். அவன் சிரிச்சு மூணு மாசம் ஆவுது.”

“கொரைச்சா இன்னா, வாயா வலிக்கப் போவுது?” என்றாள் சபுரா கிசுகிசுப்பாக. “சரின்னு சொல்லுங்க. இந்த இடமும் போச்சுன்னா அப்புறம் யாரு வருவா?”

கமருதீன் ஆசிபாவைப் பார்த்தார். இப்படிப்பட்ட நேரங்களில் அவர் எப்போதும் வேறு யாரையாவதுதான் பார்ப்பார்.

“நீ சொல்லும்மா. உன் வாழ்க்க.”

ஆசிபா கொல்லைக் கதவைப் பார்த்தாள். ஷிபானா தோளைக் குலுக்கினாள்.

“கொரைச்சிட்டு வந்துடறேங்க்கா. அது ஈஸிதான்.”

வேண்டாம் என்று சொல்ல ஆசிபா வாயைத் திறந்தாள். உண்மையிலேயே அதைச் சொல்லத்தான் திறந்தாள். எனக்கு உங்கள விட்டா வேற யாரும் வேணாங்க என்ற அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. சொல்லி அனுப்பாமலே போன இரண்டு குடும்பங்கள் நினைவுக்கு வந்தன. ஒரு நாள்தானே, குரைப்பதுதானே என்று அவளுக்குள்ளேயே ஒருத்தி சொன்னாள்.

“சரின்னு சொல்லுங்கத்தா” என்றாள்.

கமருதீன் போனை நோக்கிக் குனிந்தார். அவர் பேசுவதற்குள் மறுமுனையில் வேறொரு குரல் குறுக்கிட்டது. மெல்லிய குரல். அவசரமே இல்லாத, தேன் தடவிய குரல்.

“தனியா வரச் சொல்லும்மா. கூட யாரும் வரக் கூடாது. மாடிக்கு வரணும்.”

“யா அல்லாஹ்!” ஜெய்த்தூன்பீ வீறிட்டாள். “எம் புள்ள அவனாவே பேசறான்! இர்பான், கேட்டியாடா? அவனுக்கு ஒண்ணு வேணும்னு சொல்றாண்டா!” அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. “அண்ணே, கேட்டீங்களா? எம் புள்ள மூணு மாசத்துக்கு அப்புறம் வாயத் தொறந்து ஒண்ணு கேக்கறான். தனியா அனுப்புவீங்கல்ல? அனுப்பறேன்னு சொல்லுங்கண்ணே!”

சபுரா தலையாட்டினாள். சொல்லுங்க, சொல்லுங்க என்று கையால் ஜாடை காட்டினாள்.

கதவருகே நின்ற ஷிபானாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அடித்தபோது அழாதவள், செருப்பு விழுந்தபோது நகராதவள், அந்தக் குரலைக் கேட்டதும் ஓரடி பின்வாங்கினாள். அந்த நிதானம் அவளுக்குத் தெரியும். அடுத்து என்ன செய்யச் சொல்வது என்று ஒருவன் யோசித்து முடித்துவிட்டபோது வருகிற நிதானம் அது. அவளுடைய டீமில் அப்படிப் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

“அக்கா” என்றாள்.

அக்காவிடம் ஓடிவந்தாள். அவள் கை, மேசையின் மேல் இருந்த ஆசிபாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. சில்லென்று வியர்த்திருந்த சின்னக் கை.

“அனுப்பறேம்மா” என்றார் கமருதீன்.

ஆசிபா அந்தக் கையை உதறவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.